பக்கத்து ரூம்

என் தம்பி திருடன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பத்து வருடமாக என் வயிற்றெரிச்சலுக்கே காரணம் இதுதான். திருடியிருந்தால் நாலு பேரைக் கூட்டி மானத்தை வாங்கியிருப்பேன். அவன் செய்தது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வது. சட்டத்திலும் குற்றமில்லை, வழக்கத்திலும் குற்றமில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பாட்டில் இரண்டு சமாச்சாரம் உண்டு. மேலே போவது மெட்டு, நீங்கள் குளிக்கும்போது முணுமுணுக்கிறீர்களே, அது. அடியில் பியானோவும், பேஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியமும் தாங்கிக்கொண்டு போவது கார்ட்ஸ், அதாவது எந்த இடத்தில் எந்த ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்கிற வரிசை. ஒரு தாளில் முப்பத்திரண்டு கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒன்றாக எழுதிவிடலாம். பீபாப் என்கிற வேகமான ஜாஸ் வாசித்தவர்கள் ஊரறிந்த ஒரு பாட்டின் கார்ட்ஸை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். பழைய மெட்டைத் தூக்கிக் கடாசிவிட்டு, வேகமாகவும் கோணல்மாணலாகவும் வேறொரு மெட்டைப் போட்டு, புதுப் பெயரும் வைத்துவிடுவார்கள். மெட்டுக்குத்தான் சட்டத்தில் சொந்தக்காரர் உண்டு. கார்ட்ஸ் ஊர்ப்பொது. அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான்.

நான் பியானோ வாசிக்கிறேன். தம்பி சாக்ஸபோன். அப்பா அம்மா போன பிறகு ஒரு சலவைக்கடை மாடியில் இரண்டு அறை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் ஆறு வருடம் இருந்தோம். நடுவில் இருந்தது சுவர்கூட இல்லை, பலகைத் தடுப்பு. அவன் தும்மினால் நான் எரிச்சல்படுவேன். கீழேயிருந்து எந்நேரமும் இஸ்திரிப்பெட்டியின் ஆவி மாடிக்கு வரும். என் பியானோவின் கட்டைகள் அந்த ஈரத்தில் ஊறி ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் பியானோவில்தான் அந்த முப்பத்திரண்டு கட்டத்தையும் செய்தேன். பதினாறு கட்டம் சமர்த்தாக நடக்கும். பதினேழாவதில், இனி ஆரம்பித்த சுருதிக்கு, அதாவது வீட்டுக்கு, திரும்பிவிடும் என்று காது காத்திருக்கும் நேரத்தில், யாரும் எதிர்பார்க்காத தூரத்துக்கு ஒரே தாவலாகத் தாவும். தாவுவது பெரிய காரியமில்லை, அதை எவனும் செய்வான். தாவிய இடத்திலிருந்து எட்டே கட்டத்தில், அவசரப்படாமல், ஒன்றுமே நடக்காதது போல வீட்டுக்கு வந்து சேர வேண்டும். அந்த எட்டுக் கட்டத்துக்கு எனக்குப் பதினாலு மாதம் ஆனது. காலையில் எழுந்ததும் வாசிப்பேன், சரிவராது. பாத்திரம் கழுவிவிட்டு வந்து வாசிப்பேன், சரிவராது. மெட்டைப் பற்றி நினைக்கவே இல்லை. கார்ட்ஸ் கிடைத்துவிட்டால் மெட்டு தானாக வரும் என்று இருந்துவிட்டேன். அதுதான் நான் செய்த மடத்தனம்.

தம்பி அடுத்த அறையில் சாக்ஸபோனின் வாயில் துண்டைத் திணித்துச் சத்தமில்லாமல் பயிற்சி செய்துகொண்டிருப்பான். என் கார்ட்ஸ் மேல் விரலை ஓட்டிப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும். அக்கா வாசிப்பதில் தம்பி பழகுகிறான், நல்லதுதானே என்று நினைத்தேன்.

பிறகு அவனுக்கு வேறு ஊரில் ஒரு குழுவில் இடம் கிடைத்துப் போய்விட்டான். எட்டு மாதம் கழித்து ஒரு காலை நேரம், இஸ்திரி போட்ட துணி வாங்கக் கீழே இறங்கினேன். கடையில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க தம்பி பாட்டும்மா! இப்பதான் பேர் சொன்னாங்க. ‘ஏழாவது வானம்’."

சாக்ஸபோன் நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது. மெட்டு எனக்குப் புதிது. ஆனால் பதினேழாவது கட்டம் வருவதற்கு முன்பே என் இடது கை துணிக்கட்டின் மேல் தானாக விரிந்துவிட்டது. தாவல் வந்தது. எட்டுக் கட்டமும் வந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை, ஒன்றுகூட மாறவில்லை.

பாட்டு முடிந்ததும் பேட்டி. "இந்தப் பாட்டோட கார்ட்ஸ் பத்திதான் எல்லாரும் பேசுறாங்க. எங்கிருந்து சார் வந்துச்சு இது?"

என் தம்பி கொஞ்சம் யோசிப்பது போல இடைவெளி விட்டான். அந்த நடிப்பு அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வரும். "வானத்துல இருந்து வந்துச்சு" என்றான்.

இஸ்திரிக்காரர் சட்டைக் காலரில் தண்ணீர் தெளித்தார். "வானத்துல இருந்தாம். எனக்கென்னவோ மாடியில இருந்து வந்த மாதிரிதான் இருக்கு. ரெண்டு வருஷமா இதைக் கேட்டுக்கிட்டுத்தானே இஸ்திரி போட்டேன்?"

உலகத்தில் எனக்கு இருந்த ஒரே சாட்சி அவர்தான்.

அடுத்த மாதம் தம்பி வந்தான், கையில் எனக்கு ஒரு விலை உயர்ந்த குடையோடு. குடையை வாங்கி மூலையில் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"அக்கா, கார்ட்ஸுக்கு யாரும் சொந்தக்காரன் இல்ல. நீயே சொல்லிருக்க. மெட்டு முழுக்க என்னோடது. ஒரு ஸ்வரம் உன்கிட்ட இருந்து எடுத்திருந்தா சொல்லு, இப்பவே கால்ல விழறேன்."

"எடுத்ததைக் கேக்கலடா. வானம்னு ஏன் சொன்ன?"

"பேட்டியில வேற என்னத்தைச் சொல்றது? பக்கத்து ரூம்ல இருந்து வந்துச்சுன்னா சொல்ல முடியும்?"

"சொல்லியிருக்கலாமே" என்றேன். "ஒரே ஒரு வரி. அதுக்குமேல உன்கிட்ட நான் எதையும் கேட்டிருக்க மாட்டேன்."

அவன் சிரித்தான். "சும்மா சின்ன விஷயத்தைப் பெருசாக்காதக்கா."

அந்தச் சிரிப்போடு அவனுக்கும் எனக்கும் பேச்சு நின்றது. அந்த ஒரு வரியை அவன் வாயாலேயே, ஊர் கேட்க வரவழைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அவன் கிளம்பிய அன்று மத்தியானமே என் கார்ட்ஸ் மேல் ஒரு மெட்டைப் போட்டேன். பதினாலு மாதமெல்லாம் ஆகவில்லை, கோபத்தில் மூன்று மணி நேரம் போதுமாக இருந்தது. சுலபமான மெட்டு. ஒரு தடவை கேட்டால் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். தாளின் தலையில் பெயர் எழுதினேன்: ‘பக்கத்து ரூம்’.

இனி எங்கள் தொழிலின் இன்னொரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மேடையில் நின்றுகொண்டு முப்பத்திரண்டு கார்ட்ஸையும் யாரும் ஒப்பித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ‘இன்ன பாட்டோட கார்ட்ஸ்’ என்று ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்களுக்குப் புரிந்துவிடும். எது முதலில் வந்தது என்று எவனும் சரித்திரம் பார்ப்பதில்லை. வாசிப்பவர்கள் வாயில் எந்தப் பெயர் புழங்குகிறதோ, கார்ட்ஸ் அந்தப் பெயருக்குத்தான் சொந்தம். சட்டம் கொடுக்காததை வாய்வழக்கு கொடுத்துவிடும்.

ஆகவே கேட்கிறவர்களை நான் கண்டுகொள்ளவே இல்லை. அவர்கள் ‘ஏழாவது வானத்தை’த் தலைமேல் தூக்கி வைத்து ஆடட்டும். எனக்கு வேண்டியவர்கள் பேஸ் வாசிப்பவர்கள். சாக்ஸபோன்காரன் தெருவுக்குப் பத்துப் பேர் கிடைப்பான். ஆளுயர டபுள் பேஸைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பவர்கள் ஊர் முழுக்கத் தேடினாலும் இருபது பேர் தேறமாட்டார்கள். எல்லாக் குழுவும் அந்த இருபது பேரைத்தான் மாற்றி மாற்றிக் கூப்பிட வேண்டும். அந்த இருபது பேரும் இசைக் கல்லூரியில் நான் பாடம் எடுக்கும் வகுப்பைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும்.

முதல் வாரம், முதல் தாள்: ‘பக்கத்து ரூம்’. எழுதியவர் பெயர் என்னுடையது. ‘ஏழாவது வானம்’ என்ற சொல்லை என் வகுப்பில் நான் உச்சரித்ததே இல்லை. தம்பி என்று ஒருவன் இருப்பதையும் சொன்னதில்லை. பிள்ளைகள் அந்தக் கட்டங்களில் தடுக்கி விழுந்து, எழுந்து, வருடக் கடைசியில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாசிப்பார்கள். வருடத்துக்கு நாலு பேர், ஐந்து பேர். விதை போடுகிறவளின் பொறுமையோடு உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாம் வருடம் ஒரு கல்யாண மண்டபத்தில் என்னைத் தெரியாத ஒரு டிரம்ஸ்காரர் இன்னொருவரிடம், "‘பக்கத்து ரூம்’ கார்ட்ஸ்ல ஏதாவது போடலாமா?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன். அன்று வீட்டுக்கு நடந்தே போனேன். பஸ்ஸில் உட்காரும் நிலையில் நான் இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

‘ஏழாவது வானம்’ வெளியாகிப் பத்து வருடம் ஆனதை வானொலி நிலையம் கொண்டாடியது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரடி ஒலிபரப்பு. தம்பியின் பியானோக்காரர் கார் கதவில் விரலை நசுக்கிக்கொண்டார். அந்தக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பேஸ்காரன் என் பழைய மாணவன். முப்பது வயது, ஆறடி மூன்றங்குலம், உடம்பில் சதை என்பதே கிடையாது. கல்லூரியில் எல்லாரும் ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடுவோம். என் தம்பி பேஸ்காரர்களைச் சட்டை மாற்றுவது போல மாற்றுவான், அதனால் என்றைக்காவது என் பிள்ளை ஒருவன் அங்கே போய்ச் சேருவான் என்று எனக்குத் தெரியும். ஒட்டடைக்குச்சிதான் நிலையத்தாரிடம், "எங்க டீச்சரைக் கூப்பிடுங்க" என்று சொல்லியிருக்கிறான்.

நான் போனேன். போகாமல் இருப்பேனா?

தம்பி பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தான். மூன்று பாட்டை முன்பே ஒத்திகை பார்த்துவிட்டார்களாம். "ஏழாவது வானம் ஊருக்கே தெரியும், அதுக்கு எதுக்கு ஒத்திகை" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தவன், பியானோ முன்னால் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான். தலைமுடியில் நரை விழுந்திருந்தது.

"அக்கா" என்றான்.

நிகழ்ச்சியை நடத்தும் பெண் ஆச்சரியமாகத் திரும்பினாள். "அக்காவா? சொந்த அக்காவா சார்?"

"இல்லல்ல" என்றான் அவன். "மரியாதைக்குத்தான். வயசுல பெரியவங்க, இல்லையா?"

எனக்குள் மிச்சமிருந்த ஈரம் அந்த நொடியில் காய்ந்தது.

முதல் மூன்று பாட்டும் ஒழுங்காகப் போயின. பிறகு அந்தப் பெண் ஒலிவாங்கியை நோக்கிக் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "இப்ப நீங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்கிற பாட்டு" என்று ஆரம்பித்தாள். "அதுக்கு முன்னாடி பேஸ் வாசிக்கிறவரைக் கேட்டுடலாம். ‘ஏழாவது வானம்’ கார்ட்ஸ் ரொம்பக் கஷ்டம்னு சொல்றாங்களே, பயமா இருக்கா?"

ஒட்டடைக்குச்சி வெள்ளந்தியாகச் சிரித்தான். "இதுல என்னங்க பயம்? ‘பக்கத்து ரூம்’ தானே இது. காலேஜ்ல முதல் வாரமே வாசிச்சிருவோம்."

"பக்கத்து ரூமா? அப்படின்னா?"

"அது ஒரு பாட்டுங்க. அதோட கார்ட்ஸ்தான் இது. சார் அதை எடுத்து மேல வேற மெட்டு போட்டிருக்கார்." அந்தப் பெண்ணின் முகம் மாறியதைப் பார்த்துப் பாவம், தம்பிக்கு உதவுவதாக நினைத்துச் சேர்த்துக்கொண்டான். "தப்பில்லைங்க. எல்லாரும் பண்றதுதான்."

டிரம்ஸ்காரரும், "ஆமா, ‘பக்கத்து ரூம்’" என்று தலையாட்டினார்.

"அந்தப் பாட்டு யாரோடது?"

ஒட்டடைக்குச்சி கையில் இருந்த பேஸ் வில்லால் என்னைக் காட்டினான். "டீச்சரோடது."

நான் கட்டைகள் மேல் கையை வைத்தபடி என் தம்பியையே பார்த்தேன். அவன் என்ன சொன்னாலும் மாட்டுவான். தன் மெட்டுதான் முதலில் வந்தது என்று அவன் சொன்னால், பிறகு எப்படி அந்த அம்மாவிடம் இதே கார்ட்ஸ் இருக்கிறது, அவர் உனக்கு யார் என்று கேள்வி வரும். சொல்லாவிட்டால், பத்து வருடமாக இரவல் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தவன் ஆவான். அவன் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வந்தான்.

"எங்க அக்காவோடது" என்றான். "மரியாதைக்குச் சொல்லல. கூடப்பிறந்த அக்கா. பக்கத்து ரூம்ல வாசிப்பாங்க. நான் பலகைக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். கார்ட்ஸ் வானத்துல இருந்தெல்லாம் வரல."

வந்துவிட்டது. பத்து வருடம் காத்திருந்த வரி, கேட்டதற்கு மேலேயே வந்துவிட்டது. அழுதுவிடுவேனோ என்றுகூடப் பயந்தேன்.

அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "எவ்வளவு பெருந்தன்மை! நேயர்களே, இவ்வளவு புகழுக்கு அப்புறமும் அக்காவை மறக்காத ஒரு தம்பி! எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொலைபேசிகள் அடிக்க ஆரம்பித்தன. நாங்கள் பாட்டை வாசித்து முடித்ததும் அந்தப் பெண், நேயர்கள் சொன்னதைத் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். கேட்டு அழுதுவிட்டேன் என்று ஒருவர். இப்படி ஒரு தம்பி எனக்கில்லையே என்று ஒருத்தி. தம்பி தலையைக் குனிந்துகொண்டு பணிவாக நின்றான். என்னைப் பற்றி ஒரே ஒருவர்தான் விசாரித்தார், அந்த அம்மா இன்னும் வகுப்பு எடுக்கிறாரா என்று. நான் பத்து வருடம் பாடுபட்டு வெட்டிய குழியில் அவன் விழுந்தான், விழுந்த இடத்திலேயே அவனுக்கு மாலை போட்டுவிட்டார்கள். நியாயமாக எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வெறி.

செய்திக்காக அரை மணி நேர இடைவேளை விட்டார்கள். எனக்கு ஒரு சின்னப் பயிற்சி அறையைக் காட்டினார்கள். நாற்காலி, மேசை, மேசைமேல் நிகழ்ச்சி நிரல் தாளும் ஒரு பென்சிலும். உட்கார்ந்து சுவரை வெறித்துக்கொண்டிருந்தேன். சுவரில்லை, பலகைத் தடுப்பு.

அடுத்த அறையில் சாக்ஸபோன் மெதுவாக ஆரம்பித்தது. துண்டு திணித்த சத்தம்.

என் கார்ட்ஸ். ஆனால் அவன் மெட்டும் இல்லை, என் மெட்டும் இல்லை. மூன்றாவதாக ஒன்று. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மூன்று ஸ்வரம்தான். பதினேழாவது கட்டம் வந்தபோது அவன் வாசிக்கவே இல்லை. நாங்கள் இருவரும் அந்தத் தாவலை மெட்டால் நிரப்பியிருந்தோம். அவனோ அதைக் காலியாக விட்டு, ஒரு கட்டம் முழுக்கக் காத்திருந்து, பிறகு வாசலில் தயங்கி நிற்பவன் போல உள்ளே வந்தான். என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான் என்று எனக்குப் புரிந்தது. நான் இந்தப் பக்கம் இருப்பது அவனுக்குத் தெரியும். பேசத் தெரியாததால் வாசிக்கிறான். அந்த மெட்டு அவன் முன்பு போட்டதைவிட நன்றாக இருந்தது. நான் போட்டதையும்விட நன்றாக இருந்தது. என் கார்ட்ஸ் இத்தனை வருடம் காத்திருந்தது இதற்குத்தான். சத்தியமாகச் சொல்கிறேன், நான் அழுதேன்.

அழுதுகொண்டே நிகழ்ச்சி நிரல் தாளைத் திருப்பிப் போட்டேன். முப்பத்திரண்டு கட்டம் வரைந்தேன். அவன் இரண்டாம் தடவை வாசித்தபோது எழுதினேன், மூன்றாம் தடவை சரிபார்த்தேன்.

கார்ட்ஸுக்குத்தான் சொந்தக்காரர் கிடையாது. மெட்டுக்கு உண்டு. சண்டை என்று வந்தால், முதலில் எழுதிப் பதிவு செய்தவர் பக்கம்தான் ஆதாரம் இருக்கும். என் தம்பி தோன்றுவதை எழுதிவைக்காத சோம்பேறி என்பது எனக்குத் தெரியும். திங்கட்கிழமை பதிவு அலுவலகம் திறந்தபோது வரிசையில் முதல் ஆள் நான்தான். பெயர் ‘இஸ்திரி’ என்று கொடுத்தேன். எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரை மட்டும் கொடுத்தேன்.

ஆறு மாதத்தில் அது இசைத்தட்டாக வந்தது. அதற்கு மூன்றாம் நாள் தம்பி மாடிப்படி ஏறி வந்து கதவருகில் நின்றான். உட்காரச் சொல்லவில்லை.

"அது நான் உனக்காக வாசிச்சதுக்கா" என்றான்.

"எனக்காகத்தானே? எனக்கு வந்து சேர்ந்துடுச்சு."

"நான் கார்ட்ஸைத்தான் எடுத்தேன். நீ மெட்டையே எடுத்துட்ட."

"சின்ன விஷயத்தைப் பெருசாக்காத."

அவன் என் மூலையில் இருந்த குடையைப் பார்த்தான். பத்து வருடமாகப் பிரிக்காமல் அப்படியே இருந்தது. "கேஸெல்லாம் போட மாட்டேன்" என்றான். "பாட்டு உன்னோடதாவே இருக்கட்டும். வர்ற சனிக்கிழமை உனக்குப் பேட்டி இருக்குல்ல? அதுல ஒரே ஒரு வரி மட்டும் சொல்லிடு. தம்பிகிட்ட கேட்டதுன்னு. அது போதும் எனக்கு."

"பாக்கலாம்" என்றேன்.

சனிக்கிழமை அதே நிலையம், அதே பெண். அவன் எங்கோ ஒரு வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். பாட்டு ஒலித்து முடிந்தது. அந்தக் காலியான கட்டத்தைக் கேட்டுவிட்டு அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்து என் பக்கம் திரும்பினாள்.

"அந்த இடத்துல ஒரு மௌனம் வருதே, அதைக் கேட்டா மனசு என்னமோ பண்ணுது. இந்த மெட்டு உங்களுக்கு எங்கிருந்து வந்துச்சும்மா?"

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரிதான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கொஞ்சம் யோசிப்பது போல இடைவெளி விட்டேன்.

"வானத்துல இருந்து வந்துச்சு" என்றேன்.